குரைக்காத நாயும் பேசாத சாட்சியமும்: ஆங்கிலத் துப்பறியும் புனைகதையில் நாயின் இடம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத் துப்பறியும் புனைகதையில் நாய் இரு நிலைகளில் இடம்பெறுகிறது. ஒன்று, மோப்பத்தால் குற்றவாளியைத் தொடரும் கருவி. மற்றொன்று, வீட்டாரையும் அயலாரையும் பிரித்தறியும் வீட்டு உயிர். காவல் துறையின் வரலாறு முதலாவதை வளர்த்தது. காவல் துறைக்கு வெளியே நின்று துப்பறிவோரை மையமாகக் கொண்ட கதைகள் இரண்டாவதை வளர்த்தன. 1890 முதல் 1937 வரை வெளிவந்த கோனன் டாயில், செஸ்டர்டன், அகதா கிறிஸ்டி ஆகியோரின் கதைகளை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது. நாயின் நடத்தையைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், விளக்கம் தேடப்பட வேண்டிய நிகழ்வாகக் கொள்ளும் சிந்தனை ஒழுங்கு ஒன்றை இக்கதைகள் உருவாக்கின என்பதை இது எடுத்துரைக்கிறது. அவ்வொழுங்கு, நாய்ச் சான்று குறித்து நீதிமன்றங்கள் எழுப்பிய ஐயங்களோடும் ஒப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புனைகதை, இதமான மர்மக்கதை, மோப்ப நாய், வீட்டு நாய், சான்றியல், ஷெர்லக் ஹோம்ஸ், பிரவுன் பாதிரியார், அகதா கிறிஸ்டி.

1. முன்னுரை

துப்பறிவாளரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் ஒன்று 'ஸ்லூத்' என்பது. அச்சொல் முதலில் மனிதரைக் குறித்ததன்று. தடம் எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்து, தடம் பற்றிச் செல்லும் வேட்டை நாயைக் குறித்த 'ஸ்லூத் ஹவுண்ட்' என்னும் தொடரில் அது வழங்கியது. 14ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ஜான் பார்பர், மன்னர் ராபர்ட் புரூஸின் வரலாற்றைப் பாடியபோது, மன்னரைத் துரத்திய நாய்க்கு அப்பெயரே இடப்பட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வழக்கில் அது துப்பறிவாளருக்கு உரிய பெயராகியது. மொழி வரலாற்றின்படி நோக்கினால், துப்பறிவாளர் நாயிடமிருந்து பெயரைக் கடன் பெற்றவர் ஆவார்.

இவ்வாறு பெயரளவில் ஒன்றாயினும், புனைகதையில் துப்பறிவாளரும் நாயும் ஒரே வேலையைச் செய்வதில்லை. குறிப்பாக, 'கோசி மிஸ்டரி' என இன்று வழங்கும் இதமான மர்மக்கதைகளில் நாய் தடம் பற்றி ஓடுவது அரிது. ஒரு சிற்றூர், ஒரு பெரிய வீடு, ஒருவரையொருவர் அறிந்த சிலர், அவர்களுள் ஒருவரே குற்றவாளி, காவல் துறையைச் சாராத ஒருவர் உண்மையைக் கண்டறிதல் என்னும் அமைப்பை உடையவை இக்கதைகள். இவற்றில் வன்முறை திரைக்குப் பின்னே நிகழ்கிறது. உரையாடலும் அன்றாட வாழ்வின் நுண்ணிய செய்திகளும் முன்னே நிற்கின்றன. நாய் அந்த அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. அது யாரைக் கண்டு குரைக்கிறது, யாரைக் கண்டு வாலாட்டுகிறது, எங்கே உறங்குகிறது என்பனவே தடயங்களாகின்றன.

இக்கட்டுரையில் 'தொழில்முறை சாராத துப்பறிவாளர்' என்னும் தொடர், காவல் துறையின் அதிகாரம் இல்லாதவர் என்னும் விரிந்த பொருளில் ஆளப்படுகிறது. ஷெர்லக் ஹோம்ஸும் எர்க்யூல் புவாரோவும் கட்டணம் பெறுவோர் ஆதலின் கண்டிப்பான பொருளில் அவர்கள் தனியார் துப்பறிவாளர்களே. எனினும் கைது செய்யும் உரிமையோ வீட்டைச் சோதனையிடும் ஆணையோ இன்றி, கண்டதையும் கேட்டதையும் மட்டுமே கொண்டு இயங்குவதால் அவர்களும் இவ்வரையறைக்குள் வருகின்றனர்.

2. மோப்பமும் காவல் துறையும்

புனைகதையின் நாயை விளங்கிக்கொள்ள, அதே காலத்தில் காவல் துறை நாயிடம் எதிர்பார்த்தது யாது என்பதை முதலில் காண வேண்டும். 1876ஆம் ஆண்டு லங்காஷயரின் பிளாக்பர்ன் நகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், முடிதிருத்துநர் ஒருவரின் வீட்டுப் புகைபோக்கியில் மறைக்கப்பட்டிருந்த எச்சங்களை நாய் கண்டுபிடிக்க உதவியது. குற்றவாளி அவ்வாண்டே தூக்கிலிடப்பட்டார். இவ்வழக்கு, மோப்ப நாயின்மீது பொதுமக்களுக்குப் பெரும் நம்பிக்கையை ஏற்படுத்தியது.

அந்த நம்பிக்கை 1888இல் லண்டனில் கடும் சோதனைக்குள்ளாயிற்று. வைட்சாப்பல் பகுதியில் தொடர் கொலைகள் நிகழ்ந்தபோது, பிளட்ஹவுண்ட் நாய்களைப் பயன்படுத்த வேண்டும் என்னும் கோரிக்கை இதழ்களில் வலுத்தது. மாநகரக் காவல் ஆணையர் சர் சார்லஸ் வாரன், ஸ்கார்பரோ அருகே நாய் வளர்த்துவந்த எட்வின் புரோ என்பவரிடமிருந்து பார்னபி, பர்கோ என்னும் இரு நாய்களை வரவழைத்தார். அக்டோபர் மாதத்தில் லண்டன் பூங்காக்களில் அவற்றைக் கொண்டு சோதனைகள் நடத்தப்பட்டன. எனினும் அந்நாய்கள் விலைக்கு வாங்கப்படவில்லை. உரிமையாளர் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நவம்பர் 9 அன்று மற்றொரு கொலை வெளிப்பட்டது. முற்பகல் பதினொரு மணிக்குச் சற்று முன்னரே செய்தி கிடைத்தும், நாய்கள் வரும் என்னும் எதிர்பார்ப்பில் காவலர்கள் அறைக்குள் நுழையாமல் காத்திருந்தனர். நாய்கள் வாரா என்பது தெரியவந்து கதவு உடைக்கப்பட்டபோது பிற்பகல் ஒன்றரை மணியாகியிருந்தது. வராத நாய்களுக்காகக் காவல் துறை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வாளாவிருந்தது. நாயின் மூக்கு தம் சிந்தனையின் இடத்தை நிரப்பும் என மனிதர் நம்புகையில் நேரும் இழப்புக்கு இந்நிகழ்ச்சி தொடக்ககாலச் சான்றாகும்.

பிற்காலத்தில் காவல் நாய் முறைப்படுத்தப்பட்டது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1899இல் தொடங்கிய நாய்ப் பிரிவைப் பின்பற்றி, 1908இல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் வடகிழக்கு இரயில்வேயின் காவலர்கள் ஏர்டேல் வகை நாய்களைப் பணியில் ஈடுபடுத்தினர். இந்நாய்களின் பணி துறைமுகத்தைக் காத்தலும் அயலாரைத் தடுத்தலும் ஆகும். காவல் துறையின் நாய் இவ்வாறு துரத்துவதற்கும் தடுப்பதற்கும் உரிய கருவியாகவே வளர்ந்தது.

3. டோபி: பிழைபட்ட தடம்

கோனன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' நெடுங்கதை 1890இல் வெளிவந்தது. லண்டனின் மோப்ப நாய்ச் சோதனைகள் முடிந்து ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலமே சென்றிருந்தது. இக்கதையில் ஹோம்ஸ் நாடுவது பெருமைமிக்க பிளட்ஹவுண்டை அன்று. லாம்பெத் பகுதியில் வாழும் டோபி என்னும் கலப்பின நாயையே. குற்றவாளிகளுள் ஒருவனது கால் மரத்தைப் பதப்படுத்தும் கிரியோசோட் எண்ணெயில் பட்டுவிட்டதால், அந்தக் கடும் நெடியைப் பற்றி டோபி நகரைக் கடந்து ஓடுகிறது. இறுதியில் பெருமிதத்தோடு அது நிற்கும் இடம் ஒரு மரக்கிடங்கில் உள்ள கிரியோசோட் பீப்பாய்.

நகைச்சுவையாகத் தோன்றும் இக்காட்சி சான்றியல் நோக்கில் முக்கியமானது. டோபி தவறு செய்யவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி 'இந்நெடி எங்கே?' என்பதே, அதற்கு அது சரியான விடையையே அளித்தது. 'குற்றவாளி எங்கே?' என்னும் கேள்வியை நாயிடம் கேட்டதாக எண்ணியவர்கள் மனிதர்கள். ஒரே நெடியுடைய இரு தடங்கள் ஓரிடத்தில் குறுக்கிட்டன என்பதை ஹோம்ஸ் உணர்ந்து, நாயை அவ்விடத்திற்குத் திரும்ப அழைத்துச் சென்ற பின்னரே வழி தெளிகிறது. அதுவும் ஆற்றங்கரையோடு முடிந்துவிடுகிறது. மோப்பத்தின் ஆற்றலை ஏற்றுக்கொண்டே அதன் எல்லையையும் சுட்டும் கதையாக இது அமைகிறது.

4. குரைக்காத நாய்: 1892

1892 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வெளிவந்த 'சில்வர் பிளேஸ்' சிறுகதையே இவ்வரலாற்றின் திருப்புமுனை. டார்ட்மூர் பகுதியில் உள்ள கிங்ஸ் பைலண்ட் குதிரை இலாயத்திலிருந்து புகழ்பெற்ற பந்தயக் குதிரை ஒன்று நள்ளிரவில் காணாமற்போகிறது. அதன் பயிற்சியாளர் ஜான் ஸ்ட்ரேக்கர் தொலைவில் இறந்து கிடக்கிறார். காவலுக்கு இருந்த பையன் உணவில் கலந்த அபினால் மயக்கமுற்றிருக்கிறான். அன்று மாலை அங்கே வந்துபோன பந்தயத் தரகர் ஒருவர் ஐயத்தின்பேரில் கைது செய்யப்படுகிறார். அயலாரே குற்றவாளி என்னும் இம்முடிவு காவல் துறைக்கு இயல்பாகத் தோன்றுகிறது.

ஹோம்ஸ் அதனை மறுப்பதற்குக் காரணமாவது நிகழாத ஒன்று. இலாயத்தில் ஒரு நாய் இருந்தது. ஒருவர் உள்ளே வந்து குதிரையை வெளியே நடத்திச் சென்றார். அவ்வாறிருந்தும் மேல் தளத்தில் உறங்கிய இரு பணியாளர் விழித்தெழும் அளவுக்கு நாய் குரைக்கவில்லை. ஆகவே வந்தவர் நாய்க்கு நன்கு அறிமுகமானவர். பயிற்சியாளரே பணத்தேவையால் தம் பொறுப்பிலிருந்த குதிரையின் காலைக் கெடுக்க முயன்றார். அம்முயற்சியில் குதிரையின் உதையால் இறந்தார் என்பது பின்னர்த் தெளிவாகிறது.

இம்முடிபில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, இங்கே மோப்பத்திற்கு இடமில்லை. நாயின் உடல் திறன் அன்றி, அதன் அறிமுக எல்லையே சான்றாகிறது. இரண்டாவது, குற்றவாளி வெளியார் என்னும் ஐயத்தை நாயின் மௌனம் வீட்டிற்குள் திருப்புகிறது. மூடிய வட்டத்திற்குள் நிகழும் குற்றம் என்னும் கருத்து வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' (1868) முதலே ஆங்கிலப் புனைகதையில் உண்டு. ஆயினும் ஐயத்தின் திசையை வெளியிலிருந்து உள்ளே மாற்றும் மிகச் சிக்கனமான கருவி இக்கதையில் கிடைத்தது. மூன்றாவது, நாய் நீதியை அறிந்து செயற்படவில்லை. அது தனக்குப் பழக்கமானவரை ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

மூன்றாவது கூற்றைத் தமிழ் மரபோடு ஒப்பிடலாம். நட்பை ஆராயும் நாலடியார்ப் பாடல் ஒன்று (213), பலகாலம் பழகிய பாகனையே கொல்லும் யானையோடு, தன்மீது வேலெறிந்தவரைக் கண்டும் வால் குழைக்கும் நாயை ஒப்பிட்டு, நாய் போன்றோரின் உறவைக் கொள்ள வேண்டும் என்கிறது. அறநூல் போற்றும் அதே இயல்புதான் துப்பறியும் கதையில் தடயமாகிறது. தலைவன் நல்லவனா தீயவனா என ஆராயாத பற்று, நட்புக்கு இலக்கணமாகலாம். ஆனால் அது குற்றத்தைத் தடுப்பதில்லை. குற்றம் செய்தவர் எந்த வட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை மட்டுமே அது காட்டும்.

5. சோதனைக் களத்தில் நாய்

கோனன் டாயில் பின்னர் எழுதிய கதைகளில் நாயின் நடத்தை மேலும் நுட்பமாக ஆளப்படுகிறது. 1901–02இல் தொடராக வெளிவந்த 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' கதையில், ஊரார் பேய் நாய் என அஞ்சுவது பாஸ்பரஸ் பூசப்பட்ட உயிருள்ள நாய். அது தன் இரையை அறிவது, விடுதியிலிருந்து களவுபோன பழைய காலணியின் வாடையால். புதிய காலணி களவுபோய்த் திரும்பிவந்ததும், பழைய காலணி களவுபோனதும் சேர்ந்து, வாடை தேவைப்படும் உண்மையான விலங்கு ஒன்று உண்டு என்பதை ஹோம்ஸுக்கு உணர்த்துகின்றன. பேய்க்குக் காலணி வேண்டியதில்லை.

1923இல் வெளிவந்த 'தி கிரீப்பிங் மேன்' கதையில், பேராசிரியர் ஒருவரின் பற்றுமிக்க நாய் அவரையே தாக்குகிறது. துப்பறியும் பணியில் நாய்களின் பயன் குறித்து ஒரு சிறுநூல் எழுத எண்ணுவதாக ஹோம்ஸ் இங்கே குறிப்பிடுகிறார். மோப்பத்தைப் பற்றி அன்று, நாயின் இயல்பில் வெளிப்படும் வீட்டின் இயல்பைப் பற்றியே அவர் எழுத விரும்புகிறார் என்பது கவனிக்கத்தக்கது.

1927இல் வெளிவந்த 'ஷோஸ்கோம் ஓல்ட் பிளேஸ்' இக்கருத்தைச் சோதனை முறையாக வளர்க்கிறது. சீமாட்டி ஒருவர் மிகவும் நேசித்த ஸ்பானியல் நாயை அவருடைய சகோதரர் திடீரென விடுதிக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். சீமாட்டியோ வழக்கம்போல் வண்டியில் உலா வருகிறார். ஹோம்ஸ் அந்நாயை வாங்கிச் சென்று, வண்டி வரும் வேளையில் அவிழ்த்துவிடுகிறார். நாய் மகிழ்ச்சியோடு வண்டியை நோக்கிப் பாய்கிறது. அருகே சென்றதும் அம்மகிழ்ச்சி சினமாக மாறுகிறது. வண்டியில் இருப்பவர் அதன் தலைவி அல்லர். சீமாட்டி முன்னரே இயற்கையாக இறந்துவிட்டார்.

இங்கே நாயின் எதிர்வினை இரு படிகளாக அமைவது பொருள் பொதிந்தது. வண்டியை அறிந்துகொண்டது முதற்படி. அதில் இருந்தவரை அறியாதது இரண்டாம் படி. முதற்படி இல்லையெனில் இரண்டாவதற்குப் பொருளில்லை. நாயை வீட்டிலிருந்து அகற்றியதே தொடக்கத் தடயம் என்பதும் கருதத்தக்கது. பணியாளரையும் அண்டை வீட்டாரையும் ஏமாற்றலாம், நாயை ஏமாற்ற இயலாது என்பதைக் குற்றத்தை மறைப்பவரே அறிந்திருக்கிறார்.

6. தெய்வவாக்கு என்னும் இடர்

நாயை ஏமாற்ற இயலாது என்னும் நம்பிக்கை வளர்ந்துகொண்டிருந்த அதே 1923ஆம் ஆண்டின் இறுதியில், ஜி.கே. செஸ்டர்டன் அதற்கு மாற்றாக ஒரு கதையை எழுதினார். 'தி ஆரக்கிள் ஆஃப் தி டாக்' என்னும் அக்கதை பின்னர் 1926இல் வெளிவந்த 'தி இன்கிரெடுலிட்டி ஆஃப் ஃபாதர் பிரவுன்' தொகுப்பில் இடம்பெற்றது.

யார்க்ஷயர்க் கடற்கரையை அடுத்த ஒரு வீட்டில் கர்னல் டுரூஸ் என்பவர் தோட்டக் குடிலில் குத்திக் கொல்லப்படுகிறார். அவ்வேளையில் கடற்கரையில் இருந்த நாக்ஸ் என்னும் நாய், கடலிலிருந்து திரும்பிவந்து ஊளையிடுகிறது. பின்னர் அது குடும்ப வழக்கறிஞரைக் கண்டு சினந்து குரைக்கிறது. நாய் மரணத்தை முன்னறிந்தது, கொலைகாரரைச் சுட்டிக்காட்டியது எனச் சூழ்ந்திருந்தோர் வியக்கின்றனர். ஐயம் வழக்கறிஞர்மீது விழுகிறது.

நிகழ்விடத்திற்குச் செல்லாமலே செய்தியைக் கேட்டறியும் பிரவுன் பாதிரியார், நாயை நாயாகவே காண்கிறார். கடலில் எறிந்த தடியை எடுத்துவர நீந்திச் சென்ற நாய், அத்தடி மிதக்காமல் மூழ்கியதால் ஏமாற்றமுற்று ஊளையிட்டது. மரத்தடி மூழ்காது, மூழ்கியது வாள் செருகப்பட்ட கைத்தடி, அதாவது கொலைக் கருவி. அதை எறிந்தவரே கொலைகாரர். வழக்கறிஞரைக் கண்டு நாய் குரைத்ததற்குக் காரணம், நாய்களைக் கண்டு பதற்றமடைவது அவர் இயல்பு. தன்னை விரும்பாதவரை நாயும் விரும்புவதில்லை.

டாயிலின் நாய் ஐயத்தைச் சரியான வட்டத்திற்குள் திருப்பியது. செஸ்டர்டனின் நாயோ, மனிதரின் விளக்கத்தால், குற்றமற்றவர்மீது ஐயத்தைத் திருப்புகிறது. நாயின் நடத்தை இரண்டிலும் உண்மையானதே. அதன்மீது ஏற்றப்படும் பொருளே வேறுபடுகிறது. விலங்கின் செயலை ஒரு நிகழ்ச்சியாகக் கண்டு அதற்கு விலங்கின் உலகிலேயே காரணம் தேடுவது பகுத்தறிவு. மனிதரின் வழக்கில் அது தீர்ப்பளிப்பதாகக் கொள்வது மூடநம்பிக்கை என்பதே இக்கதையின் வாதம். அவ்வாதத்தைச் சமயத் துறவி ஒருவரின் வாயிலாக முன்வைத்தது செஸ்டர்டனின் தனித்தன்மை.

7. ஊமைச் சாட்சி: 1937

இவ்விரு போக்குகளும் அகதா கிறிஸ்டியின் 'டம் விட்னஸ்' (ஊமைச் சாட்சி) புதினத்தில் இணைகின்றன. 1937இல் வெளிவந்த இப்புதினத்தைக் கிறிஸ்டி தம் வளர்ப்பு நாயாகிய பீட்டருக்கு உரிமையாக்கினார். கதையில் வரும் பாப் என்னும் ஃபாக்ஸ் டெரியர் நாயும் அதே வகையைச் சேர்ந்தது.

சிற்றூர் ஒன்றில் உள்ள லிட்டில்கிரீன் இல்லத்தின் முதிய உரிமையாளர் எமிலி அருண்டெல், உறவினர் கூடியிருந்த ஈஸ்டர் விடுமுறையில் இரவில் மாடிப்படியிலிருந்து விழுகிறார். படியின் உச்சியிலிருந்து பந்தை உருட்டிவிட்டு விளையாடுவது பாப்பின் வழக்கம். பந்தும் அருகே கிடந்தது. ஆகவே நாய் விட்டுச்சென்ற பந்தே விபத்துக்குக் காரணம் என அனைவரும் நம்புகின்றனர். எமிலிக்கு மட்டும் ஐயம் எழுகிறது. அவர் புவாரோவுக்கு எழுதும் கடிதம், அவர் இறந்து பல வாரங்கள் கழிந்த பின்னரே அவரிடம் சேர்கிறது.

புவாரோவின் ஆராய்ச்சி நாய்மீது சுமத்தப்பட்ட பழியிலிருந்து தொடங்குகிறது. பாப் அன்றிரவு முழுவதும் வெளியே சுற்றிவிட்டு விடியற்காலையிலேயே வீட்டிற்குள் விடப்பட்டது. தலைவி வருந்துவார் என்று அச்செய்தி அவரிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. எனவே பந்தைப் படியில் வைத்தது மனிதக் கை. படியின் மேல்பகுதிச் சுவரோரப் பலகையில் அறையப்பட்டு, வண்ணமெழுகு பூசி மறைக்கப்பட்ட ஆணி ஒன்று, குறுக்கே கட்டப்பட்டிருந்த நூலுக்குச் சான்றாகிறது. வரவேற்பறை ஜாடி ஒன்றில், இரவெல்லாம் வெளியே தங்கிவிட்ட நாயின் ஓவியம் இருந்தது. மரணப் படுக்கையில் எமிலி தெளிவின்றி உரைத்த சொற்கள் அந்த ஓவியத்தையே குறித்தன. பிதற்றல் எனப் பிறர் தள்ளியது, உண்மையில் நாயின் குற்றமின்மையை நிறுவும் வாக்குமூலம்.

இப்புதினத்தில் நாய் எதையும் கண்டுபிடிப்பதில்லை. எவரையும் சுட்டிக்காட்டுவதும் இல்லை. மாறாக, அதுவே பொய்க் குற்றச்சாட்டுக்கு உள்ளாகிறது. பேச இயலாதவர்மீது பழியைச் சுமத்துவது எளிது. அதை அவர் மறுக்க இயலாது. அந்த எளிமையையே கொலை முயற்சியாளர் பயன்படுத்துகிறார். வீட்டின் அன்றாடப் பழக்கங்களை, அதாவது நாய் எப்போது வெளியே போகிறது, யார் கதவைத் திறக்கிறார், பந்து எந்த இழுப்பறையில் வைக்கப்படுகிறது என்பவற்றைப் பணிப்பெண்களிடமும் உறவினரிடமும் உரையாடி அறிவதே புவாரோவின் முறை. காவல் துறைக்கு வழக்கே இல்லாத இடத்தில், உரையாடலாலும் வீட்டு நடைமுறை பற்றிய அறிவாலும் உண்மை வெளிப்படுகிறது. இதமான மர்மக்கதையின் இலக்கணம் இதில் முழுமையாக அமைந்திருக்கிறது.

8. நீதிமன்றத்தின் ஐயம்

கதையாசிரியர்கள் ஆராய்ந்த இதே சிக்கலை நீதிமன்றங்களும் எதிர்கொண்டன. இரண்டிற்கும் நேரடித் தொடர்பு உண்டு எனக் கூறுவதற்கில்லை. எனினும் வாதங்களின் ஒப்புமை ஆழமானது. தென்னாப்பிரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1920இல் டிரூபீடோ வழக்கில், மோப்ப நாயின் செயலைக் குற்றத்தை நிறுவும் சான்றாக ஏற்க இயலாது எனத் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1995இல் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற பீட்டர்சன் வழக்கில், நாயின் பயிற்சியும் நம்பகத்தன்மையும் முறையாக நிறுவப்பட்டால் அத்தகைய சான்றை ஏற்கலாம் என்னும் நிலையை எடுத்தது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1969இல் அப்துல் ரசாக் முர்தசா தபேதார் வழக்கில் இச்சான்றுக்கு எதிரான மூன்று தடைகளை எடுத்துரைத்தது. நாய் சாட்சிக் கூண்டேறி உறுதிமொழி அளிக்கவோ குறுக்கு விசாரணைக்கு உட்படவோ இயலாது. அதன் பயிற்சியாளரே பேச வேண்டியிருப்பதால் அது கேள்விப்பட்ட சாட்சியமாகிவிடுகிறது. மனிதரின் உயிரும் உரிமையும் நாயின் அனுமானத்தைச் சார்ந்திருத்தல் தகாது. அத்தகைய சான்று அதன் உண்மை மதிப்பைவிட மிகுதியான தாக்கத்தை ஏற்படுத்தக்கூடும். இச்சான்று ஏற்கத்தக்கதாயினும் அதற்குப் பெரும் எடை இல்லை என்பதே நீதிமன்றத்தின் முடிவு. 2001இல் கடே இலட்சுமி மங்கராஜு வழக்கிலும் இதே எச்சரிக்கை நிலை வெளிப்பட்டது.

மூன்றாம் தடை, செஸ்டர்டன் கதையில் வழக்கறிஞர்மீது விழுந்த ஐயத்தின் சட்ட வடிவம் எனலாம். நாயின் குரைப்பு காட்சிக்கு வலிமையானது. ஆதலால் அது காரண ஆராய்ச்சியை நிறுத்திவிடுகிறது. அதன் விளைவு புனைகதைக்குள் மட்டும் நிற்பதன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1980களின் தொடக்கத்தில், ஒரே நாய்ப் பயிற்சியாளரின் சாட்சியமும் இடம்பெற்ற இரு வழக்குகளில் தண்டனை பெற்ற இருவர், மரபணுச் சோதனையால் விடுதலைக்கு வழி பெற்றனர். ஒருவர் 22 ஆண்டுகள் சிறையிலிருந்து 2004இலும், மற்றவர் 27 ஆண்டுகள் சிறையிலிருந்து 2008இலும் வெளிவந்தனர்.

இப்பிழையின் வேரைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. 18 நாய்–பயிற்சியாளர் இணைகளைக் கொண்டு, தேடப்படும் பொருளே இல்லாத இடத்தில் சோதனை நடத்தப்பட்டது. பொருள் அங்கே இருப்பதாகப் பயிற்சியாளர் நம்பிய இடங்களில் நாய்கள் அதைக் கண்டதாக அறிவிப்புகள் மிகுந்தன. நாய் பேசுவதாகத் தோன்றும் இடத்தில் மனிதரின் முன்முடிவே பேசக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

9. பிற்கால மாற்றங்கள்

1930களிலிருந்தே நாய்க்கு மற்றொரு பணியும் உருவாகிவந்தது. டேஷியல் ஹாமெட்டின் 'தி தின் மேன்' (1934) புதினத்தில் துப்பறியும் இணையருடன் ஆஸ்டா என்னும் நாய் உடன்வருகிறது. புதினத்தில் ஷ்னாசர் வகையாக இருந்த அது, அதே ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தில் ஃபாக்ஸ் டெரியராக மாறிப் பெரும் புகழ் பெற்றது. கிறிஸ்டி இறுதியாக எழுதிய 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' (1973) புதினத்தில் முதிய இணையர் டாமி, டப்பன்ஸ் ஆகியோருடன் ஹானிபல் என்னும் நாய் வருகிறது. இவற்றில் நாய் தடயம் என்பதினும் துணை என்னும் நிலையே மேலோங்குகிறது. நாயை உலாவ அழைத்துச் செல்வது, அதிகாரமற்ற துப்பறிவாளர் எந்தத் தெருவிலும் நின்று எவரோடும் பேசுவதற்கு இயல்பான காரணத்தை அளிக்கிறது.

1989இல் அமெரிக்காவில் தொடங்கிய 'மாலிஸ் டொமஸ்டிக்' மாநாடும் அது வழங்கும் அகதா விருதுகளும் இவ்வகைமைக்கு நிறுவன அடித்தளம் அமைத்தன. 1990இல் தொடங்கிய சூசன் கோனன்டின் தொடர், நாய் வளர்ப்போரின் உலகையே கதைக்களமாக்கியது. 2009இல் வெளிவந்த ஸ்பென்சர் குவினின் 'டாக் ஆன் இட்' கதையை நாயே எடுத்துரைக்கிறது. அங்கும், மோப்பத்தால் அறிந்ததை மனிதரிடம் சொல்ல இயலாத நிலையே கதையின் இழுவிசையாக அமைகிறது.

மார்க் ஹாடனின் 'தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' (2003) இம்மரபை மற்றொரு முனைக்குக் கொண்டுசெல்கிறது. தலைப்பே 'சில்வர் பிளேஸ்' கதையின் உரையாடலிலிருந்து பெறப்பட்டது. அண்டை வீட்டு நாய் கொல்லப்பட, பதினைந்து வயதுச் சிறுவன் கிறிஸ்டோபர் துப்பறியத் தொடங்குகிறான். இறுதியில் குற்றம் அவனது சொந்த வீட்டிற்குள்ளேயே இருப்பது வெளிப்படுகிறது. 1892இல் நாயின் மௌனம் ஐயத்தை வெளியிலிருந்து உள்ளே திருப்பியது. 2003இல் நாயின் மரணம் அதே பயணத்தை நிகழ்த்துகிறது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

காவல் துறை நாயின் மூக்கை நாடிய காலத்தில், காவல் துறைக்கு வெளியே நின்ற துப்பறிவாளரின் கதைகள் நாயின் உறவு வட்டத்தை நாடின. 'யாரைத் தொடர்கிறது?' என்னும் கேள்வி 'யாரை அறிந்திருக்கிறது?' என மாறியபோது, குற்றத்தின் களம் தெருவிலிருந்து வீட்டிற்கு நகர்ந்தது. மூடிய வட்டத்துக் கதைகளுக்கு வீட்டு நாய் இயல்பாகப் பொருந்தியதன் காரணம் இதுவே.

டோபியின் பீப்பாய், டார்ட்மூரின் மௌனம், நாக்ஸின் ஊளை, பாப்பின் பந்து ஆகிய நான்கும் ஒரே பாடத்தின் நான்கு படிகள். நாயின் செயல் ஒரு நிகழ்ச்சி, அது வாக்குமூலமன்று. அந்நிகழ்ச்சிக்கு நாயின் உலகில் பொருந்தும் காரணத்தைக் கண்டு, பிற தடயங்களால் அதை உறுதிப்படுத்திய பின்னரே அது மனிதரின் வழக்கில் சான்றாகலாம்.

பொழுதுபோக்கு இலக்கியம் எனக் கருதப்படும் இதமான மர்மக்கதை, இவ்வகையில் சான்றுகளை எடைபோடும் பயிற்சியை வாசகருக்கு அளித்துவந்துள்ளது. பேச இயலாத உயிரின் பெயரால் பேசுவோர் எவர் என்னும் வினாவை அது எழுப்புகிறது. நீதிமன்றங்கள் தீர்ப்பு மொழியில் எழுப்பியதும் அதே வினாவே. அவ்வினா எழுப்பப்படாத இடங்களில் குற்றமற்றவர் தண்டனை அனுபவித்துள்ளனர் என்பதால், இவ்வகைமை இலக்கிய ஆய்வில் மட்டுமன்றிச் சான்றியல் வரலாற்றிலும் கருதப்பட வேண்டிய ஒன்றாகிறது.